குன்றுகளின் பங்குனி

திருவனந்தபுரத்தில் மலை என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது ஒரே மலைதான். மழை வெறித்த காலைகளில் நகரத்தின் உயரமான மாடிகளிலிருந்து கிழக்கே பார்த்தால் நீலக் கூம்பாக அது எழுந்து நிற்கும். மலையாளிகள் அகஸ்தியார்கூடம் என்கிறார்கள், நாம் பொதிகை என்கிறோம். 1,868 மீட்டர் உயரம். ஜனவரியில் வனத்துறை வழி திறக்கும். அனுமதிச் சீட்டுக்குப் பெரும் போட்டி. பெண்கள் ஏறுவதற்கு இருந்த தடை 2018-இல் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கி, 2019 ஜனவரியில் பெண்களும் உச்சியைத் தொட்டார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1855-இல், திருவிதாங்கூர் அரசின் வானாய்வுக்கூடத்தை நடத்திவந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன் அந்த உச்சியில் ஒரு துணை ஆய்வுநிலையம் அமைத்தார். நகரத்துக் குன்றின்மேல் 1837 முதல் இருந்துவந்த ஆய்வுக்கூடத்தில் அளப்பதையும் மேகங்களுக்கிடையே அளப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அகத்தியர், ஆய் அண்டிரன், யுவான் சுவாங் குறித்துவைத்த பொதலக மலை என்று எந்தக் கதையை எடுத்தாலும் அது அந்தக் கூம்பில் போய்த்தான் நிற்கிறது.

அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரை அதன் காலடியில் கிடக்கும் குன்றுகளைப் பற்றியது. முந்நூறு, நானூறு, அறுநூறு மீட்டர் என்று நிற்பவை. பாதி ரப்பர், பாதி பாறை. வனத்துறையின் அனுமதி எதற்கும் தேவையில்லை. பேருந்தை விட்டிறங்கி நடந்தால் போதும். ஒரே நாளில் மூன்று நான்கு உச்சிகளைத் தொட்டுவிட்டு இரவுச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். இப்படி எளிதாகக் கைக்கெட்டுவதே அவற்றின் அழகு, அவற்றுக்கு வந்திருக்கும் ஆபத்தும் அங்கேயிருந்துதான் வருகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், வெள்ளறடை, அம்பூரி ஊர்களுக்குக் கிழக்கே, கேரளத்தையும் தமிழ்நாட்டையும் பிரித்தபடி ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. கூனிச்சி, கொண்டகெட்டி என்று பழைய பெயர்கள். அதன் ஓர் உச்சி குருசுமலை, பக்கத்து உச்சி காளிமலை. சற்று வடக்கே அம்பூரியில் திரவியப்பாறை. இடையிடையே பெயர் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லும் பாறைக் குன்றுகள். பங்குனியில் ஒரு நாள், விளவங்கோட்டுக்காரரான நண்பர் ஒருவரோடு இவற்றை ஏறி இறங்கினேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

மலைக்குப் போகிற மாதமா இது என்று கேட்கலாம். தொல்காப்பியம் அப்படித்தான் கேட்கும். குறிஞ்சிக்கு அது வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். வேனிலையும் பின்பனியையும் நண்பகலையும் பாலைக்குக் கொடுத்துவிட்டது. கணக்குப்படி பங்குனி பின்பனிக்காலம், ஆனால் இந்த ஊர்ப் பங்குனியில் பனிக்கு இடமில்லை. கொன்றை மொட்டு வைத்து ஒன்றிரண்டு மரங்கள் அவசரப்பட்டுப் பூத்தும்விடுகின்றன. இலவு இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்புப் பூவோடு நிற்கிறது. குக்குறுவான் காலையில் தொடங்கினால் மதியம்வரை விடாமல் கத்துகிறது. ஆக, பங்குனி நண்பகலில் ஒரு குன்றின்மேல் நிற்பவன் இலக்கணப்படி குறிஞ்சியில் இல்லை, பாலையில் நிற்கிறான். வாத்தியார் இதைச் சொன்னபோது எங்களுக்குக் கீழே தெற்கில் அதங்கோடு இருந்தது. தொல்காப்பியம் அரங்கேறிய அவையில் கேள்வி கேட்ட ஆசான் அந்த ஊர்க்காரர் என்பது குமரி மாவட்டத்தாரின் நெடுநாள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நிறுத்துப் பார்க்கும் வேலை எனக்கு வேண்டாம். ஆனால் மலைக்குப் பொழுது வகுத்த நூலை அந்த மலையடிவாரத்திலேயே நினைத்துக்கொள்ள முடிந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து நிற்கிற நிலையே பாலை என்று இளங்கோ சொல்லிவைத்தார். இந்தக் குன்றுகளில் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஆடியில் இதே பாறைமேல் நீர் படலமாக வழிந்துகொண்டிருக்கும். பாசி பச்சைப் பட்டாகப் படிந்திருக்கும், பூச்சி பிடிக்கும் செந்நிறச் சிறுசெடிகள் முளைத்திருக்கும். பங்குனியில் அந்தப் பாசி கறுத்துச் சருகாகிக் காலுக்கடியில் நொறுங்குகிறது. எலுமிச்சை மணக்கும் புல் இடுப்பளவு உயரத்தில் காய்ந்து நிற்கிறது, உரசினால் மணம் மட்டும் மிச்சம். சில சரிவுகளில் யாரோ வைத்த தீ புல்லைத் தின்றுவிட்டுப் போயிருக்க, கருகிய தூர்களுக்கிடையே சிற்றீச்சை மட்டும் தளிர் விட்டிருந்தது. செத்துப்போன இடம் என்று தோன்றும். ஆனால் முதல் மழைக்கு அந்தக் கறுப்புச் சருகு சில மணி நேரத்தில் பச்சையாகும். குறிஞ்சி பாலையாகிறது, பாலை மறுபடியும் குறிஞ்சியாகிறது. ஆண்டுதோறும் நடக்கும் இந்தத் திரிபும் மீட்சியும்தான் குன்றின் உயிர்.

குருசுமலைக்கு அதிகாலையிலேயே ஏறத் தொடங்கிவிட்டோம். அடிவாரம் முழுக்க ரப்பர். இந்த மண்ணில் வசந்தம் வருவதை எனக்கு முதலில் காட்டிக்கொடுப்பது ரப்பர்தான். டிசம்பர் கடைசியிலிருந்து இலை பழுத்துக் கொட்டும், மாசிக்குள் செம்பு நிறத்தில் தளிர் விடும், பங்குனியில் பச்சை முற்றும். அந்த இளம் இலையில் மூன்று சிற்றிலைகளும் சேரும் காம்பு நுனியில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. பூவே இல்லாமல் அங்கிருந்து தேன் சுரக்கும். மார்த்தாண்டம் தேன் என்று தமிழ்நாடெங்கும் விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த இலைத்தேன்தான். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், பெட்டியில் தேனீ வளர்ப்பதை இந்தப் பக்கத்து ஏழை வீடுகளுக்குப் பழக்கிக்கொடுத்தார். 1990-களின் தொடக்கத்தில் தாய்சாக் நோய் என்று இங்கே சொல்லப்படும் வைரஸ் நோய் பெட்டி பெட்டியாகத் தேனீக்களை அழித்தது. பிழைத்த கூட்டங்களிலிருந்து மறுபடியும் பெருக்கினார்கள். நாங்கள் ஏறிய பாதையோரம் ரப்பர் வரிசைகளுக்கிடையே கம்பிக் கால்களில் நின்ற பெட்டிகளெல்லாம் அப்படி மீண்டு வந்தவை. பாலையான மலையின் அடிவாரத்தில் தேன் இறங்கும் மாதமாகப் பங்குனி இருக்கிறது. பிரேசிலிலிருந்து வந்த ஒரு மரம் நம் திணைக் கணக்கை இப்படி மாற்றிவைத்திருக்கிறது.

பால் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டியிருப்பார். தளிர் விடும் காலத்தில் வெட்டை நிறுத்தி வைத்திருந்து, அப்போதுதான் மறுபடி தொடங்கியிருந்தார்கள்.

“குருசுமலைக்கா மக்களே? திருவிழா இனியும் இருக்கே.”

“தெரியும் அம்மா. சும்மா ஏறிப் பாக்கலாம்னு வந்தோம்.”

“அப்பம் வெள்ளம் குடிச்சிட்டுப் போங்க. மேல ஒண்ணும் கெடையாது. எறங்கி காளிமலைக்குப் போனா அங்க ஊத்து உண்டு.”

அவர் கழுத்தில் சிலுவை இருந்தது. காளிமலையின் ஊற்று வற்றாது என்று அவர்தான் எங்களுக்கு உறுதியாகச் சொன்னார்.

குருசுமலை யாத்திரை 1957-இல் தொடங்கியது. தவக்காலத்தில் ஒரு வாரமும், பெரிய வியாழன், பெரிய வெள்ளி நாட்களிலும் இரு மாநிலங்களிலிருந்தும் மக்கள் திரளாக ஏறுகிறார்கள். பாதையோரம் சிலுவைப்பாதை நிலைகள். மலையாளத்தில் ஒரு குடும்பம் செபித்து முடிக்க, அதே நிலையில் அடுத்த குடும்பம் தமிழில் தொடங்கும். நாங்கள் போன நாளில் கூட்டம் இல்லை. தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்த சிலர் மட்டும் இருந்தார்கள். தீ பரவாமலிருக்கப் பாதையின் இரு பக்கமும் புல்லைச் செதுக்கி வைத்திருந்தார்கள். இந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்கும் மலைக்கு, அதைத் தன்னுடையதாக நினைத்துக் காக்கும் நூறு கைகளும் கிடைத்துவிடுகின்றன.

உச்சியில் காற்று. சிலுவைக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து பார்த்தால், வடக்கே நெய்யாறு அணையின் நீர் மலைகளுக்கிடையே விரல் விரலாக நுழைந்திருக்கிறது. அதற்கு அப்பால் பொதிகை. தென்கிழக்கில் சிற்றாறு அணை, மேற்கே புகை மூட்டத்துக்குள் கடல். இங்கே விழும் மழையில் ஒரு பாதி நெய்யாறாகிப் பூவாற்றில் கடலைச் சேரும், மறுபாதி குழித்துறைத் தாமிரபரணிக்குப் போகும். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, எல்லைக்கோடு இந்த முகட்டோடு போயிற்று. நெய்யாற்றின் அணை கேரளத்தில், அதன் இடதுகரைக் கால்வாயின் கடைமடை விளவங்கோட்டில். 2004-இலிருந்து அந்தக் கால்வாயில் தமிழ்நாட்டுப் பக்கத்துக்குத் தண்ணீர் வருவதில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. வாத்தியாரின் அப்பா காலத்தில் அந்தத் தண்ணீரில் நெல் விளைந்த வயலில் இப்போது வாழையும் ரப்பரும். அவர் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. கீழே ஓர் இடத்தைச் சுட்டி, “அந்த வளைவுக்கு அந்தாண்ட எங்க வயல்” என்றார், அவ்வளவுதான்.

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு ஆங்கிலேய அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து வரைந்தார்கள். மலைநாட்டில் முக்கோணமிட்டு அளப்பவனுக்கு உயரம் இரண்டாம் பட்சம். ஓர் உச்சியிலிருந்து அடுத்த இரண்டு உச்சிகள் தடையின்றித் தெரிய வேண்டும், அது போதும். பொதிகை பல நாள் மேகத்தில் மறைந்து கிடக்கும்; குன்றுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்தபடியே இருக்கும். குருசுமலையில் உட்கார்ந்திருந்தபோது அடுத்து ஏறவிருக்கும் காளிமலையும், மாலையில் ஏறவிருக்கும் திரவியப்பாறைப் பக்கமும் தெரிந்தன. ஒரே பெரிய மலையில் நாளெல்லாம் ஏறுகிறவனுக்கு இது கிடைப்பதில்லை. அவன் உச்சியை அடைந்ததும் அவன் நாள் முடிந்துவிடுகிறது. சிறு குன்றுகளின் உச்சியில் நாள் முடிவதில்லை. போன இடமும் போகப்போகிற இடமும் ஒரே பார்வையில் தெரிய, இறங்கவும் மறுபடி ஏறவும் மனம் தானாகவே தயாராகிறது. என் நடைகளில் எனக்கு மிகப் பிடித்த பொழுது இதுதான்: இறங்கத் தொடங்குவதற்கு முன், அடுத்த குன்றின் பாதையைக் கண்ணாலேயே தேடிப் பார்க்கும் நேரம்.

காளிமலைக்குப் பத்துகாணிப் பக்கமாகச் சுற்றிப் போனோம். உச்சி வெயில். பாறை சுட்டது. இந்தப் பாறைகளின் வயதை நினைத்துக்கொள்வது எனக்கு ஒரு பழக்கம். தென்கேரளத்தின் அடிப்பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அப்போது இந்தியா கோண்ட்வானாப் பெருங்கண்டத்தின் ஒரு துண்டு. மடகாஸ்கரும் இலங்கையும் அண்டார்க்டிகாவும் அக்கம்பக்கத்தில் இருந்தன. மடகாஸ்கர் பிரிந்துபோய் ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகள். அந்தப் பிரிவையெல்லாம் பார்த்த கல்லின்மேல் கைவைத்து ஏறுகிறோம் என்ற எண்ணம் வந்தால் மூச்சு வாங்குவது கொஞ்சம் மறந்துபோகும்.

சித்திரா பௌர்ணமியில் காளிமலையில் பொங்கல். மலையாளத்தில் பொங்காலை. பெண்கள் அரிசியும் சர்க்கரையும் சுமந்து ஏறி அம்மனுக்குப் பொங்கலிடுகிறார்கள். அகத்தியர் இங்கே தவமிருந்தார் என்பது தலபுராணம். அகத்தியருக்கும் அம்மனுக்கும் சிலுவைக்கும் முன்னால் இந்தக் காடுகள் காணிக்காரர் என்ற பழங்குடியினருடையவை. பத்துகாணி, ஆறுகாணி என்ற ஊர்ப்பெயர்களைப் பார்த்தாலே அவர்கள் நினைவு வருகிறது. இரும்புக் குழலில் கம்பியை உரசிக் கொக்கரை இசைத்துச் சாற்றுப்பாட்டுப் பாடும் மூப்பன்மார் நெய்யாற்றுக் காடுகளில் இன்னும் இருக்கிறார்கள். இங்கிருந்து தெற்கே சில மணி நேரம் நடந்தால் சிதறால். திருச்சாணத்துமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களும் ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் இருக்கின்றன. சமணர், காணிக்காரர், காளியின் அடியார், கத்தோலிக்கர் என்று யார் வந்தாலும் அவர்கள் தேடிப் போனது இந்தச் சிறு குன்றுகளையே. வயதானவரும் குழந்தையும் சோற்றுப் பொதியோடு ஏறி அந்தியில் இறங்கக்கூடிய உயரம் கடவுளுக்கு உகந்தது என்று அவர்கள் எல்லோருமே நினைத்திருக்க வேண்டும்.

ஊற்று இருந்தது. கையளவு வாயிலிருந்து கசிந்து, கட்டிய தொட்டியில் நிறைந்து நின்றது. பாறை மலைமேல், மழை நின்று பல வாரமான பங்குனியில், தண்ணீர் எப்படி நிற்கிறது? பாறை முழுதாக இறுகியது இல்லை. மேலே மக்கிய மண்ணும் சரளையும், அதற்குக் கீழே வெடிப்புகளும் அடுக்குப் பிளவுகளும். மழை அந்த மண்ணில் ஊறி, வெடிப்புகளில் இறங்கி, எங்கோ ஒரு கெட்டிப் படுகையில் தடுக்கப்பட்டு, மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வருகிறது. மே மாதத்துத் தண்ணீர் போன அக்டோபர் மழையாக இருக்கலாம். அடிவாரக் கிணறுகளெல்லாம் இதே கணக்கில்தான் ஊறுகின்றன. இந்தக் குன்றுகள் மழையைக் கொஞ்சம் தாமதப்படுத்திக் கொடுக்கின்றன, அந்தத் தாமதத்தில்தான் கோடையில் ஊர் பிழைக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து முகம் கழுவியபோது வாத்தியார், “தொல்காப்பியர் இந்த ஊத்தப் பாத்திருந்தா பாலைக்கு ஒரு கருப்பொருள் கூடுதலா எழுதியிருப்பாரு” என்றார். பாலைக்கு இலக்கணக்காரர்கள் சொன்னது வற்றிய சுனைதான். வற்றாத சுனை உள்ள பாலை இது.

அம்பூரிக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் எங்கள் பேச்சு நின்றுபோயிற்று. ஒரு குன்றின் மேற்குப் பாதி இல்லை. செங்குத்தாக அறுத்த முகம், சாம்பல் வெள்ளை, கீழே பச்சையாய்த் தேங்கிய ஆழக் குளம், தளத்தளமாக இறங்கும் லாரித் தடம். கல்மாவு படிந்து சுற்றிலுமிருந்த ரப்பர் இலையெல்லாம் வெளுத்திருந்தது. வேலை நிறுத்திவைத்த குவாரியா, மதிய ஓய்வா, தெரியவில்லை. ஆள் நடமாட்டம் இல்லை. வெடிப்புகளும் பிளவுகளுமாக மழைநீர் நகர்ந்த வழிகள் அந்த அறுத்த முகத்தில் கோடு கோடாகத் திறந்துகிடந்தன. நீர் கசிந்த கறைகள் சிலவற்றில் இன்னும் தெரிந்தன. எந்தக் கிணற்றுக்குப் போக வேண்டிய நீரோ அது.

இந்தப் பாலை வேறு. இதற்கு ஆடி வராது. பாசியும் புல்லும் எத்தனை மழை பெய்தாலும் திரும்ப ஏற அங்கே உடல் இல்லை. திணைகள் ஒன்றுக்குள் ஒன்று திரிந்து மீள்வதைத்தான் நம் இலக்கணம் சொல்லியது. மீளாத திரிபுக்கு அதில் இடமே இல்லை, ஏனென்றால் மலையையே எடுத்துக்கொண்டு போய்விட முடியும் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை.

எங்கே போகிறது இந்தக் கல்? வீடுகளுக்கு, சாலைகளுக்கு, மணலுக்குப் பதிலாக வந்த எம்-சாண்டுக்கு. கடலுக்கும் போனது. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்தில், இருபது மீட்டர் ஆழம்வரை போகும் அலைத்தடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. 2015-இல் தொடங்கிய பணி பல ஆண்டுகள் இழுத்ததற்குப் பாறை கிடைக்காதது ஒரு முக்கியக் காரணம். திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களிலிருந்தும், எல்லை தாண்டிக் குமரி, திருநெல்வேலியிலிருந்தும் பாறை வந்தது. களியக்காவிளை வழியாக டாரஸ் லாரிகள் வரிசையாகப் போனதை அந்தப் பாதையில் பயணித்த எவரும் பார்த்திருப்பார்கள். 2025 மே 2-இல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகத்தின் மிகப்பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கும் ஆழத் துறைமுகம் நம் தெற்கு முனையில் அமைந்திருப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவரைப் பார்க்கும்போது அதற்குள் எத்தனை குன்றுகள் கிடக்கின்றன என்ற கணக்கை யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எந்தக் குன்று, எந்த ஊர், அதன் பெயர் என்ன, அதன்மேல் என்ன இருந்தது. துறைமுகம் கட்டியவர்களுக்குப் பாறை டன் கணக்கில் வந்தது, பெயரோடு வரவில்லை.

பக்கத்துச் சாயாக்கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் குறுக்கிட்டார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுபவர்.

“சாரே, என் வீட்டு அஸ்திவாரம் இந்தக் கல்லு. பக்கத்து ஸ்கூல், பள்ளி, அம்பலம் ஒக்க இந்தக் கல்லு. கல்லு வேண்டாம்னு ஆரும் பறைய முடியாது. பண்டு கூடமும் உளியும் வெச்சு ஒரு ஆள் ஒரு நாள் பொட்டிச்சது ஒரு வண்டி. இப்பம் ஒரு வெடிக்கு எத்தனை லோடுன்னு அவங்களுக்கே தெரியாது.”

நான் அதுவரை நினைத்திருந்ததைவிட அவர் சொன்னது சரி. என் வீட்டுச் சுவரும் ஏதோ ஒரு குன்றின் துண்டு. கல்லெடுப்பதே பாவம் என்று பேசுவது பொய்யாகும். எவ்வளவு, எங்கே, யார் கேட்டு, யாருக்காக என்பதில்தான் நியாயம் இருக்கிறது. நகரத்துக்கு அருகில் மூக்குன்னிமலையில் ரப்பர் வைப்பதற்கென்று அரசு கொடுத்த நிலத்திலேயே குவாரிகள் பெருகின. விஜிலன்ஸ் விசாரணைவரை போனது. அது ஊருக்கு வேண்டிய கல் என்ற அளவை எப்போதோ தாண்டிவிட்ட கதை.

அம்பூரியில் வேறொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது. 2001 நவம்பர் 9 இரவு, துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை கொட்டியதில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து நாற்பதுக்குச் சற்றுக் குறைவானோர் உயிரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் பலர் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகக் கூடியிருந்தவர்கள். கோட்டயம் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் குடியேறிக் காட்டைத் தோட்டமாக்கிய குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. சிறு குன்று, எளிய சரிவு, ஆபத்து என்ன இருக்கப்போகிறது என்று யாருக்கும் தோன்றும். கெட்டிப் பாறைமேல் படிந்த மண் நீரை ஏந்தும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை மலையின் உயரத்தைப் பார்த்து அமைவதில்லை. அந்த இடத்தைக் கடக்கும்போது வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சில அடி நடந்தார். நானும் கழற்றினேன்.

திரவியப்பாறைக்கு ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது. பாறையில் செதுக்கிய படிகள், மேலே ஒரு குகைக் கோயில். தன்னை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமாருக்குத் தப்பித் திரிந்த நாட்களில் திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா இங்கே மறைந்திருந்தார் என்றும், பாறைக்குள் திரவியம் இருக்கிறது என்றும் சொல்வார்கள். புதையல் தேடியவர்கள் உடைத்துப் பார்த்த தடங்கள் அங்குமிங்கும். உச்சியில் காற்று வலுவாக இருந்ததால் தவழ்ந்துதான் போனோம். கீழே நெய்யாற்று நீர், எதிரே காலையில் ஏறிய குருசுமலை, அதற்கப்பால் காளிமலை. இரண்டுக்கும் நடுவே அந்த அறுத்த முகம் மாலை வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. உச்சியிலிருந்து உச்சிக்குப் பார்வை ஓடும் அந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் அது எல்லா உச்சியிலிருந்தும் தெரிகிறது.

பொதிகைக்குக் காவல் இருக்கிறது. நெய்யாறு 1958 முதலும் பேப்பாறை 1983 முதலும் வனவிலங்கு சரணாலயங்கள். 2001-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், 2016-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே, தனியார் பட்டாவிலும் புறம்போக்கிலும் சிதறிக் கிடக்கும் குன்றுகளுக்கு இப்படி ஒன்றும் இல்லை. ஆனால் சிறு குன்றுகளைக் காப்பது நடக்காத காரியம் இல்லை என்பதற்கு நம் கண்முன்னே அரிட்டாபட்டி இருக்கிறது. மதுரைக்கு அருகே ஏழு குன்றுகள். எதுவும் பெரிய உயரமில்லை. தமிழிப் பொறிப்பு, சமணர் படுகை, பாண்டியர் குடைவரை, சுனைகள், வல்லூறுகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024-இல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தபோது மேலூர் வட்டாரமே எழுந்தது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. அந்த மக்கள் கையில் ஒரு வலுவான ஆயுதம் இருந்தது: ஒவ்வொரு குன்றுக்கும் என்ன பெயர், எதில் எந்தச் சுனை, எந்தச் சுனையிலிருந்து எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது என்று அவர்கள் சொல்ல முடிந்தது. பல ஆண்டுகளாகச் சொல்லி, எழுதி, வந்தவர்களை அழைத்துப்போய்க் காட்டி வைத்திருந்தார்கள்.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உண்டு. செடி, மீன், நெல் வகை, மருந்து, நீர்நிலை எல்லாம் ஊர்க்காரர் சொல்லச் சொல்ல எழுதவேண்டிய ஏடு. குன்றுகளை அதில் பெயர் சொல்லி எழுத எந்தத் தடையும் இல்லை. திரவியப்பாறையிலிருந்து இறங்கும்போதே வாத்தியார் தன் நோட்டில் தொடங்கிவிட்டார். சர்வே எண் கிராம அலுவலகத்தில் கிடைக்கும்; ஊற்று எது, எந்த மாதம்வரை ஓடும் என்பதைப் பால் வெட்டுகிற அந்த அம்மாளைப் போன்றவர்கள் சொல்ல வேண்டும். வெள்ளறடை, அம்பூரிப் பக்கத்துக்கு மலையாளத்தில் ஒரு பட்டியல், பத்துகாணி, கடையாலுமூட்டுப் பக்கத்துக்குத் தமிழில் ஒரு பட்டியல். இரண்டு பக்கத்திலும் வேறு வேறு பெயர் உள்ள குன்றுகளுக்கு இரண்டு பெயரையும் எழுதுகிறோம். அந்தப் பாதி அறுபட்ட குன்றுக்கு இதுவரை விசாரித்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஆறுகாணியில் மூத்த காணிக்காரர் ஒருவருக்கு அதன் பழைய பெயர் தெரியும் என்று சாயாக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். சித்திரா பௌர்ணமிப் பொங்கலுக்கு அவர் காளிமலைக்கு வருவாராம். அன்றைக்கு நோட்டோடு மறுபடி ஏறுகிறோம்.